கவந்தியில் ஒரு பிடி அரிசி

ஜக்கீனா புறக்காவல் நிலையத்துக்குள் நுழைந்தபோது தலைமுதல் கால்வரை நனைந்திருந்தாள். மார்போடு அணைத்து வந்த மூட்டை மட்டும் நனையவில்லை. உரச்சாக்கின் உள்பையை அதற்குச் சுற்றியிருந்தாள். எங்கள் பக்கத்து ஆனி மழைக்கு எருமைகூட மரத்தடியை விட்டு நகராது. அந்த மழையில் கும்ப்ரிவாடாவிலிருந்து காட்டுப் பாதையில் நடந்து வந்திருக்கிறாள் என்றால் வீண்பேச்சுக்கு வந்தவள் இல்லை.

ஹெட் கான்ஸ்டபிள் சல்வதோர் எழுந்து தன் நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டார். யெல்லாப்பூர்க் காட்டுக்குள் வாழும் எங்கள் சித்தியர் சனத்தில் காக்கிச்சட்டை போட்டவர்கள் சிலர்தான். போட்டவர்களுக்கு மீசையும் வரும், மிடுக்கும் வரும். சல்வதோருக்கு இரண்டும் வரவில்லை. வெற்றிலையை மெதுவாக மென்றுகொண்டு எதிராளி பேசி முடிக்கும்வரை காத்திருப்பார். அவரிடம் பொய் சொல்ல வந்தவர்கள் பலர் அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் தாங்களே உண்மையைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"என்ன ஜக்கீனா, இந்த மழையில?"

"என் பொண்ணு லவினா உசிரோட இருக்காண்ணா. எங்கே இருக்கான்னு நீங்கதான் கண்டுபிடிச்சுத் தரணும்."

கான்ஸ்டபிள் ஹுசேன்பி எழுதிக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். இரண்டு பிள்ளை பெற்றவள். ஆனால் வழக்கு என்று வாசலில் ஒன்று வந்துவிட்டால் அவளைப் பிடித்து நிறுத்த முடியாது.

ஜக்கீனா மூட்டையைப் பிரித்து மேசைமேல் வைத்தாள். கவந்தி. கிழிந்த சேலை, சட்டை, பாவாடை என்று கையில் கிடைத்த துணித்துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுப்போட்டு எங்கள் பெண்கள் தைக்கும் போர்வை. இது சின்னது. தொட்டில் குழந்தைக்கு ஆனது.

"நேத்து சாயங்காலம் கடைசி பஸ்ஸில கண்டக்டர் கொடுத்துட்டுப் போனார். யார் அனுப்பினதுன்னு பேர் இல்ல, ஊர் இல்ல. எனக்கு எதுக்கு பேரு? இந்த ஓரத்தைப் பாருங்க. இது அவ தையல். என் பொண்ணு பீச்சாங்கைக்காரி."

அவள் சொன்னது சரிதான். கவந்திக்கு முன்கூட்டிப் போட்ட கணக்கு எதுவும் கிடையாது. ஒரு மூலையில் ஊசியைக் குத்தி, ஓரத்தோடு ஒட்டுப்போட்டுக்கொண்டே சுற்றிச் சுற்றி உள்ளே வர வேண்டும். அடுத்த துண்டு முந்தின துண்டின்மேல் ஏறி உட்காரும். வலக்கைக்காரி ஒரு பக்கமாகச் சுற்றி வந்தால் இடக்கைக்காரி எதிர்ப்பக்கமாகத்தான் சுற்றி வர முடியும். இந்த ஓரத்தின் துண்டுகள் எல்லாம் எதிர்ப்பக்கமாக ஏறியிருந்தன. தையலும் எறும்பு வரிசை மாதிரி நெருக்கமாக ஓடியது.

லவினா கதை ஊருக்கே தெரியும். மூன்று வருடத்துக்கு முன் ஜக்கீனா அவளை லாரி ஓட்டும் நத்தாலுக்குப் பேசி முடித்தாள். பெண் மாட்டேன் என்றாள். கோவாவுக்கு வீட்டு வேலைக்குப் போவதாகச் சொல்லி பஸ் ஏறினாள். பஸ் கிளம்பும்போது ஜக்கீனா எல்லார் முன்னாலும் கத்தினாள். "போறதானே, அப்படியே போயிடு. செத்தாலும் என் வாசல்ல கால் வைக்காதே." அன்றிலிருந்து பெண்ணிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. சொன்னவள்தான் அதற்குப் பிறகு ஒரு நாளும் வயிறாரச் சாப்பிடவில்லை.

"தேடலையா நீங்க?" என்றாள் ஹுசேன்பி.

"தேடாம? போன மாசம்கூட அவங்கப்பா பாக்கு லோடோட கோவாவுல மட்காவ் போனார். நாலு நாள் அலைஞ்சாராம். கிடைக்கலன்னு வந்து படுத்துட்டார்."

சல்வதோர் கவந்தியை விரிக்கப் போனார். ஜக்கீனாவின் கை சட்டென்று அதன்மேல் வந்து விழுந்தது. ஓரம் மட்டும் தெரியும்படிதான் அவள் அதை மடித்து வைத்திருந்தாள். அவர் வெற்றிலையை மென்றுகொண்டு காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவளே கையை எடுத்துக்கொண்டாள்.

விரித்துப் பார்த்தார். ஓரமெல்லாம் நைந்த பழந்துணி. நடுவில் மஞ்சள் பூப்போட்ட ஒரே நீலத்துணி, பல துண்டுகளாக. விரலால் தேய்த்தார், மொடமொடத்தது. முகர்ந்தார், கஞ்சி வாசனை அடித்தது. நாலு மூலையிலும் சிவப்பில் முக்கோணப் பூக்கள் தட்டையாகப் படுத்திருந்தன. கடைசியாக நட்டநடுவில், கவந்தியின் வயிறு என்று நாங்கள் சொல்லும் இடத்தில் கையை வைத்தார். உள்ளே ஒரு உருண்டை தட்டுப்பட்டது.

"நடுவில எல்லாம் புதுத் துணிண்ணா," என்றாள் ஜக்கீனா அவசரமாக. "கடையில வாங்கின துணி. காசு பணத்தோட நல்லாத்தானே இருக்கான்னு அர்த்தம்? குழந்தை பெத்திருக்கா. என்மேல கோவம் தீர்ந்து அனுப்பியிருக்கா."

"வயித்தைத் தொட்டுப் பார்த்தியா?"

"பார்த்தேன்," என்றாள்.

சல்வதோர் கவந்தியை மறுபடி பழையபடியே, ஓரம் வெளியே தெரிய மடித்தார். "நாளைக்கு உன் வீட்டுக்கு வர்றேன். இதை அதுவரைக்கும் என்கிட்ட விட்டுட்டுப் போ."

அவள் போனதும் ஹுசேன்பி பொறுக்க முடியாமல் தொடங்கினாள். "சார், பொண்ணை எவனோ அடைச்சு வச்சிருக்கான். எழுத விடாம செஞ்சதால கவந்தியில சேதி அனுப்பியிருக்கா. அந்த நத்தாலைத் தூக்கிட்டு வந்து ரெண்டு தட்டினா..."

"உன் வீட்டுக்காரரையும் இப்படித்தான் தட்டித் தட்டி வழிக்குக் கொண்டுவந்தியா?"

"அவர் தானாவே வந்தார் சார். நான் சும்மா ஒரு பார்வை பார்த்தேன்."

சல்வதோர் சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கிப் போய் அந்தக் கவந்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீயும் கவந்தி தைக்கிறவதானே. இந்தப் பூவைப் பத்தி என்ன நினைக்கிற?"

அவள் குனிந்து மூலையைத் திருப்பிப் பார்த்தாள். "தூ, இது என்ன பூ? நான் இப்படி வச்சா எங்கம்மா ஊசியால என் கையிலயே குத்துவா." அவர் மேற்கொண்டு ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் கவந்தியை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

மறுநாள் மழை விட்டிருந்தது. இருவரும் மதிய பஸ்ஸில் கும்ப்ரிவாடாவுக்குப் போனார்கள். கண்டக்டர் வீரபத்ரப்பா தார்வாட் பக்கத்து ஆள், இந்தத் தடத்துக்குப் புதியவர். யெல்லாப்பூர் பஸ் நிலையத்தில் ஒருவன் மூட்டையைக் கொடுத்ததாகச் சொன்னார்.

"ஆள் எப்படி?"

"மழைக்குத் தலையில சாக்கைப் போட்டிருந்தான் சார். முகம் தெரியல. ஜக்கீனா வீட்டுல குடுத்துடுங்கன்னான். டிக்கெட்டுக்குக் காசு குடுக்க வந்தான், நான் வேண்டாம்னுட்டேன். குழந்தைத் துணிக்குப் போய்க் காசு வாங்குவாங்களா?"

"பார்சல்ல குழந்தைத் துணின்னு எப்படித் தெரியும் உங்களுக்கு?" என்று ஹுசேன்பி பாய்ந்தாள்.

"அவன்தான் சொன்னான்மா. 'நனையாம பார்த்துக்கோங்க, குழந்தைக்கு ஆனது'ன்னு ரெண்டு தடவை சொன்னான்." வீரபத்ரப்பா பயந்துபோய் பையைக் கட்டிக்கொண்டார்.

கும்ப்ரிவாடாவில் இறங்கியபோது நத்தால் தன் லாரிக்கு அடியில் படுத்திருந்தான். லவினா பெயரைக் கேட்டதும் ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"அவ என்னை வேண்டாம்னா, நான் இன்னொருத்தியைக் கட்டிக்கிட்டேன். அதோட முடிஞ்சது. மாதா மாதம் கோவா போறேன், ஒவ்வொரு தடவையும் மார்க்கெட்ல ஒரு கண் வைப்பேன். பார்த்ததில்ல. பார்த்திருந்தா மாமிகிட்ட சொல்லாம இருப்பேனா?"

ஜக்கீனா வீட்டில் அவள் புருஷன் மிங்கேல் கருப்புத் தேநீர் வைத்துக்கொண்டிருந்தார். யெல்லாப்பூர்ப் பாக்குக் கிடங்கில் மூட்டை தைத்து ஏற்றுகிற வேலை. பெரிய கைகள், சின்னக் குரல். அவர் பெண்டாட்டியைச் சத்தம் போட்டு நாங்கள் யாரும் கேட்டதில்லை. வந்தவர்களுக்குத் தம்ளரை நீட்டிவிட்டுச் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார்.

சல்வதோர் மூலையில் இருந்த பழந்துணி மூட்டையைக் காட்டினார். "இதெல்லாம் கவந்திக்கா?"

"ஆமாண்ணா." ஜக்கீனா ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். கண்ணால்கூடப் பார்க்கவில்லை, விரலே சொன்னது. "இது எங்க மாமியார் சேலை. இது இவர் தீ மிதிச்ச அன்னிக்குப் பொசுங்கின லுங்கி. இது எதிர்வீட்டுக்காரி கொடுத்தது. இது இவரோட கல்யாணச் சட்டைக் கை. ஒரு நூலைக் கொடுங்க, எந்தத் துணின்னு சொல்றேன்."

மூட்டைக்கு அடியில் தனியாக ஒரு பச்சைப் பாவாடை மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஹுசேன்பி கையை நீட்டினாள்.

"அதைத் தொடாதே. அது லவினாவோடது. திரும்பி வரப்போறவ துணியில கத்திரி வைக்கக் கூடாது."

ஹுசேன்பி கையை இழுத்துக்கொண்டாள். சல்வதோர் அவளை அனுப்பி நத்தாலையும், பஸ் திரும்பக் கிளம்பும்வரை தேநீர் குடித்துக்கொண்டிருந்த கண்டக்டரையும் கூட்டி வரச் சொன்னார். எல்லாரும் வந்து உட்கார்ந்ததும் கவந்தியைத் தரையில் விரித்தார்.

"ஜக்கீனா, இதை நீ என்கிட்ட கொண்டு வந்தப்போ ஓரத்தை மட்டும் காட்டினே. நடுவை மடிச்சு ஒளிச்சே. ஏன்னு நான் கேக்கல. கேக்க வேண்டியதும் இல்ல. நான் பார்க்கிறதுக்கு முன்னாடியே நீ பார்த்துட்டே."

ஜக்கீனா தலையைக் குனிந்துகொண்டாள்.

"இதுவரைக்கும் லவினா," என்று அவர் பழந்துணி முடிகிற இடத்தில் விரலை வைத்தார். "எல்லாத் துண்டும் அவ கைப்பக்கமா ஏறியிருக்கு. இங்கிருந்து எல்லாம் திரும்பிடுது. இது வலக்கை. தையலும் பெரிசு பெரிசா இருக்கு. தன் வயித்துல இருக்கிற பிள்ளைக்குத் தைக்க ஆரம்பிச்ச கவந்தியை நம்ம பொம்பளை யாராவது பாதியில அடுத்தவங்க கையில கொடுப்பாளா?"

"உடம்பு சரியில்லாம இருக்கலாம்ல அண்ணா," என்றாள் ஜக்கீனா. "கை உடைஞ்சிருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரி யாராவது உதவி பண்ணியிருக்கலாம். நான் அப்படித்தான் நினைச்சேன். வேற யாராவது அதையே சொல்லிட்டா போதும்னுதான் உங்ககிட்ட வந்தேன்."

சல்வதோர் அவளைப் பார்க்காமல் பேசினார். பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"அப்படியும் யோசிச்சேன். முதல்ல இந்த வயித்தைப் பார்த்தேன். கவந்தியை மூடுறதுக்கு முன்னாடி அது வயிறு காலியா இருக்கக் கூடாதுன்னு நாம அரிசி போடுவோம். கோவாவுல பக்கத்து வீட்டுக்காரிக்கு அது தெரியாது. நம்ம கண்டக்டருக்கும் தெரியாது."

"தெரியாது சார்," என்றார் வீரபத்ரப்பா அவசரமாக. "எங்க ஊர்லயும் கௌதின்னு ஒட்டுப் போர்வை தைப்பாங்க, நான் மூடிட்டுத் தூங்குவேன், அவ்வளவுதான்."

"அப்போ மூடினவர் நம்ம ஆள். ஆனா இங்கே எவ்வளவு அரிசி இருக்கு பாருங்க. உருண்டையா நிக்குது. ஹுசேன்பி, நீ எவ்வளவு போடுவே?"

"நாலஞ்சு மணி சார். மிச்சத்தை உலைப்பானையில போட்டுடுவோம்."

"அரிசியை யார் எடுத்துத் தர்றது?"

"வீட்டு ஆம்பளை. ஒரு பிடி அள்ளித் தந்துட்டு வெளியே போயிடணும். மூடுறதைப் பார்க்கக் கூடாது..." அவள் பாதியில் நிறுத்தினாள்.

"ஒரு பிடி தர்றவனுக்கு ஒரு பிடியும் உள்ளே போகுதுன்னுதான் நினைப்பு. இப்போ மூலையைப் பாருங்க. கவந்தி அம்மணமா இருக்கக் கூடாதுன்னு கடைசியா பூ வைக்கிறோம். சதுரத் துணியை மடிச்சு மடிச்சு முக்கோணமாக்கி வைப்பீங்க. தூக்கினா இதழ் மாதிரி எழும்பும். இது கத்திரியால வெட்டின முக்கோணம். பூ எப்படி இருக்கும்னு தெரிஞ்சவர் வச்சிருக்கார். பூ எப்படி உண்டாகுதுன்னு அவருக்குத் தெரியாது. வாழ்நாள் முழுக்கக் கவந்தியைப் போத்திட்டுத் தூங்கினவர். ஒரு நாளும் தைச்சதில்ல."

எல்லார் கண்ணும் நத்தால் பக்கம் திரும்பின. ஹுசேன்பி ஒரு அடி எடுத்தே வைத்துவிட்டாள்.

"நத்தால் இல்ல," என்றார் சல்வதோர். "கவந்திக்குக் காசு போட்டுத் துணி வாங்குறவங்க உண்டா? இவன் தைச்சிருந்தா இவன் பழைய சட்டையைக் கிழிச்சிருப்பான். ஜக்கீனாவுக்கு இவன் சட்டை எதுன்னு தெரியவா போகுது? ஆனா ஒருத்தருக்கு அது முடியாது. அவர் வீட்டுல இருக்கிற எந்தக் கந்தலை எடுத்தாலும், ஒரு நூலைத் தொட்டே இவ சொல்லிடுவா. அதனால அவர் கடைக்குப் போய்ப் புதுத் துணி வாங்கினார். எல்லாத்தையும் யோசிச்சுச் செஞ்சிருக்கார். அரிசியிலயும் பூவிலயும் மட்டும் தெரியாம மாட்டிக்கிட்டார்."

நத்தால் மிங்கேலைப் பார்த்து மெல்லச் சொன்னான். "போன வாரம் கிடங்குல மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனப்புறம் மாமா தனியா உட்கார்ந்து தைச்சுட்டு இருந்தார். நான் சாக்குன்னு நினைச்சேன்."

மிங்கேல் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார்.

"மட்காவ்ல அவ வேலை செஞ்ச வீட்டம்மா கிடங்குக்குப் போன் பண்ணினாங்க," என்றார். "கட்டிக்கிட்டவன் விட்டுட்டுப் போயிட்டானாம். பிரசவத்துல ரத்தம் நிக்கலையாம். நான் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுது. நான்தான் மண்ணு போட்டேன். அவ கட்டில்ல இது பாதியில கிடந்துச்சு, ஊசியோட."

ஜக்கீனா அசையவில்லை. "என்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? பஸ் கிளம்புறப்போ நீ சொன்ன வார்த்தையை நீயே தினம் சொல்லிச் சொல்லி அழுவே. மூணு வருஷமா நீ சோறு தின்னு நான் பார்க்கல. இதையும் சொன்னா நீயும் போயிடுவேன்னு பயமா இருந்துச்சு. அவ எங்கேயோ இருக்கா, கோவம் ஆறிடுச்சுன்னு நீ நினைச்சுக்கட்டும்னு தைச்சேன். தைக்கத் தெரியல. கிடங்குல சாக்கு தைக்கிற கைதானே இது."

"குழந்தை?"

"பொண்ணு. உசிரோட இருக்கு. அந்த வீட்டம்மா வச்சிருக்காங்க. கூட்டிட்டு வந்தா உனக்கு எல்லாம் தெரிஞ்சுடும்னு விட்டுட்டு வந்துட்டேன்." அவர் முகத்தைப் பொத்திக்கொண்டார். "பேர் வைக்கல. பீச்சாங்கையைத்தான் வாயில போட்டுக்குது."

ஹுசேன்பி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எந்த வழக்கிலும் முடிவு தெரிந்ததும் துள்ளுகிறவள், அன்று வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். சல்வதோர் கவந்தியை எடுத்து ஜக்கீனாவின் மடியில் வைத்தார்.

"மன்னிச்சுக்கோ ஜக்கீனா. நீ கேட்டதுக்கு வேற பதில் கிடைக்குமான்னு ராத்திரி பூரா தேடினேன்."

அவள் கவந்தியின் வயிற்றைத் தடவினாள். அங்கேயே கை நின்றது.

"ஒரு பிடியா போட்டே?" என்று புருஷனைக் கேட்டாள்.

"ஆமா."

"பச்சைக் குழந்தைக்கு உறுத்தாதா? இது தெரியாதா உனக்கு?" என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்து போயிற்று. வயிற்றிலடித்துக்கொண்டு அழுதாள். அவள் அழுத சத்தம் கேட்டு வாடாவில் வீட்டுக்கு வீடு கதவுகள் திறந்தன. மிங்கேல் தவழ்ந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் அவரைத் தள்ளவில்லை.

அழுகை ஓய்ந்தபின் அவள் கத்திரியைத் தேடி எடுத்தாள். மிங்கேல் தைத்ததை எல்லாம் பிரித்துவிடுவாள் என்று நாங்கள் நினைத்தோம். அவள் அதில் கை வைக்கவில்லை. வயிற்றில் ஒரு தையலை மட்டும் அவிழ்த்து, நாலஞ்சு மணியை விட்டுவிட்டு மிச்ச அரிசியை உள்ளங்கையில் கொட்டி ஹுசேன்பியிடம் கொடுத்தாள். நாலு மூலையிலும் இருந்த வெட்டுப் பூக்களைப் பிரித்தாள். பிறகு மூட்டைக்கு அடியிலிருந்து அந்தப் பச்சைப் பாவாடையை எடுத்து மடியில் விரித்தாள். ரொம்ப நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

ஹுசேன்பி அந்த அரிசியை உலைப்பானையில் போட்டாள். ஜக்கீனா பாவாடையில் கத்திரியை வைத்தாள்.